நின்ற மகிழுந்தும் நில்லாது சென்றவரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய மேடையில் மகிழுந்தின் கீறலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நகைக்கக் கூடும். தேரைப் பாடிப் பழகிய மொழிக்கு உரியவர்கள் அவ்வாறு நகைக்க வேண்டியதில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவனின் தேர் பல இடங்களில் வருகிறது. அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், சோலையில் பூந்தாது உண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையுமே என்று எண்ணித் தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகிறான். பற்றிப் படரக் கொம்பின்றி வாடிய முல்லைக்குப் பாரி தேரையே விட்டுச் சென்றான். திருவாரூரிலோ, தேர்க்காலில் அகப்பட்ட ஒரு கன்றுக்காக மன்னன் தன் மகனையே அத்தேர்க்காலில் இட்டான் என்பது வரலாறாகவே போற்றப்படுகிறது. இம்மூன்றிலும் ஒன்று பொதுவாக நிற்கிறது. ஊர்தியில் இருப்பவன், ஊர்திக்கு வெளியே உள்ள உயிரை நினைக்கிறான்.

இன்றைய தெருவில் காட்சி தலைகீழாக இருக்கிறது. ஊர்தி அசையாமல் நிற்கிறது. அதற்குள் ஒருவரும் இல்லை. வெளியே போவோர் வருவோர் அதற்கு ஊறு விளைவித்துவிட்டுப் போகின்றனர். பழந்தமிழ்ப் பாடல்கள் அறியாத நிலை இது என்று தோன்றலாம். அவ்வாறு அன்று என்பதைப் பின்னர்க் காணலாம்.

காரைத் தமிழில் மகிழுந்து என்றனர் அறிஞர். மகிழ்ந்து ஊரும் உந்து என்பது கருத்து. இரவு நலமாக நிறுத்திவிட்டுப் போன ஊர்தியின் பக்கவாட்டில், கதவுக்குக் கதவு நீண்ட வெள்ளைக் கோடு ஒன்றைக் காலையில் காண்பவருக்கு அப்பெயர் சற்றே பொருந்தாமற் போகும். ஒரு நாள் கோடு. இன்னொரு நாள் பின்பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒடுக்கு. மற்றொரு நாள் பக்கக் கண்ணாடி கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார். யார் செய்தது என்ற கேள்வி மட்டும் எஞ்சும்.

சென்னையின் தெருக்களை எண்ணிப் பார்த்தால் இது வியப்பளிக்காது. தியாகராய நகர் 1920-களில் உருவான பகுதி. அன்று அங்கு வீடு கட்டியவர்கள் குதிரை வண்டியையும் மிதிவண்டியையும் மனத்திற் கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் இன்று எட்டுக் குடும்பம், பத்துக் குடும்பம் வாழும் அடுக்குமாடி நிற்கிறது. தெருவின் அகலம் மட்டும் மாறவில்லை. மயிலாப்பூரின் மாட வீதிகள் தேர் திரும்புவதற்கென்றே அமைந்தவை. பங்குனிப் பெருவிழாவின்போது ஊர்திகளை அகற்றிய பிறகே அவற்றின் அகலம் கண்ணுக்குப் புலப்படுகிறது. விழா முடிந்த மறுநாள் அவ்வகலம் மறைந்துவிடுகிறது. இத்தகைய தெருவில், நின்றுகொண்டிருக்கும் இரண்டு மகிழுந்துகளுக்கு இடையே ஈருருளியைச் செலுத்துபவரின் கைப்பிடி முனை ஏதாவது ஒன்றை உரசாமல் போவதே திறமைதான்.

உரசுவோர் பலவகையினர். தண்ணீர் லாரி குறுகிய முனையில் திரும்பும்போது அதன் வால்பகுதி எங்கே போகிறது என்பதை ஓட்டுநர் பார்ப்பதில்லை. வீடு கட்டுவோர் ஜல்லியையும் மணலையும் தெருவிலேயே கொட்டிக் கலவை போடுகின்றனர். மேல்தளத்திலிருந்து சொட்டும் சிமெண்ட் நீர் கீழே நிற்கும் ஊர்தியின் வண்ணத்தை அரிக்கிறது. இதை உடனே கழுவினால் போகும், காய்ந்தபின் போகாது. வேலைக்காரர் கீழே இறங்கி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் பல ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். பக்கத்து வீட்டுத் தென்னை எல்லைச் சுவரைத் தாண்டிச் சாய்ந்து நிற்கும். முற்றிய காயைப் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்பார் வீட்டுக்காரர். காய் தன் காலத்தில் தானே இறங்கிவிடும். கூரைத் தகடு குழிந்துவிடும். காயை மட்டும் மறவாமல் எடுத்துக்கொண்டு போவார்கள்.

தீபாவளியன்று பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று வரையறை உண்டு. சாய்த்து வைத்த ராக்கெட் வரையறையை அறியாது. ஊர்தியைக் காக்க மேலே போட்ட உறையே முதலில் தீப்பற்றுகிறது. தெருவில் பந்தாடும் பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஆடுவதற்கு வேறு இடம் இல்லை என்பது உண்மை, பந்து பட்டவுடன் தெரு வெறிச்சோடிவிடும் என்பதும் உண்மை.

கதவைத் திறப்பவர் செய்யும் கேட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வணிக வளாகத்திலும் திருமண மண்டபத்திலும் அடுத்தடுத்து நிறுத்திய ஊர்திகளில், ஒன்றின் கதவு விளிம்பு மற்றொன்றின் உடலில் படிகிறது. பட்டதை உணராதவர் இல்லை. கைக்கு அதிர்வு தெரியும். இரு பக்கமும் பார்த்துவிட்டு மண்டபத்துக்குள் நடந்துவிடுகின்றனர். கதவுக்கு அருகில் உள்ள கையால் திறவாமல், தொலைவில் உள்ள கையை நீட்டித் திறந்தால் உடல் தானே திரும்பும், கண் தானே வெளியே நோக்கும். மிதிவண்டியில் வருவோர் கதவில் மோதி வீழாதிருக்க ஹாலந்து நாட்டுடன் சேர்த்துப் பேசப்படும் பழக்கம் இது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு 2022-இல் இதனைப் பரிந்துரையாகச் சேர்த்துக்கொண்டது. பக்கத்து ஊர்தியின் உடலையும் இப்பழக்கம் காக்கும்.

ஒரு கீறலுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்போர் அக்கீறலின் ஆழத்தை அறியாதவர்கள். மகிழுந்தின் எஃகுத் தகட்டின்மீது துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் இடைப்பூச்சு, அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற மெருகுப் பூச்சு என்று அடுக்குகள் உண்டு. அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். டிங்கரிங் பட்டறைக்காரர் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் வழுக்கினால் மெருகேற்றித் தேய்த்துச் சரிசெய்யலாம். நகம் தட்டினால் மேற்பூச்சு அறுந்துவிட்டது என்று பொருள். தகடு வரை போயிருந்தால் சென்னையின் உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒரு மழைக்காலத்துக்குள் பக்கத்துப் பூச்சும் கொப்புளமிட்டு எழும். கோட்டை மட்டும் பூசி மறைக்க முடியாது. ஒடுக்கைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, அந்தப் பகுதி முழுவதையும் புதிதாக வண்ணமடிக்க வேண்டும். உலோக மினுமினுப்புள்ள வண்ணமாயின் பழைய நிறத்தோடு ஒத்துப்போகும்படி அடுத்த பகுதியின் ஓரம் வரை பரப்பி அடிக்க வேண்டும். ஒரு விநாடியில் இட்ட கோட்டை அழிக்க இரண்டு மூன்று நாள் வேண்டும்.

முற்காலத்து ஊர்திகள் இவற்றைப் பொறுத்துக்கொண்டன. 1950-களின் இறுதி முதல் 2014 வரை வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடரின் முன்னும் பின்னும் வெள்ளி போல் மின்னும் இரும்புப் பம்பர் இருந்தது. அதன்மீது மோதியவரே தம் வண்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். இன்றைய பம்பர் நெகிழி. மனிதர்மீது பட்டாலும் காயம் குறையட்டும் என்ற நல்லெண்ணமும் அம்மாற்றத்தில் உண்டு. ஆனால் மெல்லத் தட்டினாலும் மேற்பூச்சு வெடிக்கிறது, உள்ளே உள்ள கொக்கிகள் ஒடிகின்றன, பின்நோக்கிச் செல்கையில் உதவும் உணர்விகளும் கேமராவும் பழுதாகின்றன. பக்கக் கண்ணாடியும் அவ்வாறே. இடப்பக்கத்தில் கண்ணாடியே இல்லாமல் மகிழுந்துகள் விற்ற காலம் உண்டு. இன்று அக்கண்ணாடிக்குள் மின்னோடியும் சைகை விளக்கும் இருக்கின்றன. தட்டிவிட்டுப் போகிறவர் மனத்தில் இருப்பது பழைய விலை.

முன்கண்ணாடியின் செய்தி தனி. பாரிசில் எட்வார் பெனடிக்டஸ் என்ற வேதியியல் அறிஞரின் ஆய்வகத்தில் 1903-இல் கீழே விழுந்த குடுவை ஒன்று உடைந்தும் சிதறாமல் இருந்ததாம். உள்ளே காய்ந்திருந்த படலம் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் வழியாக அவர் 1909-இல் உரிமம் பெற்ற கண்ணாடிதான் இன்றைய முன்கண்ணாடியின் மூதாதை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலம். தார்ப்பாய் போர்த்தாமல் ஜல்லி ஏற்றிச் செல்லும் லாரியிலிருந்து தெறிக்கும் ஒரு கல் அதில் கடுகளவு வடுவை உண்டாக்கும். வடு அப்படியே இருப்பதில்லை. வெளியே வெயில், உள்ளே குளிர்சாதனக் காற்று. வெப்ப வேறுபாட்டில் வடு நாள்தோறும் வளர்ந்து விரிசலாகிக் குறுக்கே ஓடும். லாரி அதற்குள் பல ஊர்களைக் கடந்திருக்கும்.

காப்புறுதி இருக்கிறதே என்று சொல்வது எளிது. இந்தியாவில் ஓராண்டு இழப்பீடு கோராதவருக்கு மறு ஆண்டின் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. தொடர்ந்து கோராதிருந்தால் அது 25, 35, 45 என்று ஏறி, ஐந்து ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டும். ஒரு கீறலுக்காகக் கோரிக்கை வைத்தால் பொதுவாக அத்தனையும் போய்விடும். 1500 சி.சி. வரையுள்ள மகிழுந்துக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும்; அதற்கு மேற்பட்டதற்கு 2000. நெகிழிப் பகுதிகளுக்குத் தேய்மானம் என்று 50 விழுக்காடு கழிப்பது வழக்கமான முறை. கணக்குப் பார்ப்பவர் கைப்பணத்தைக் கொடுத்துப் பழுதுபார்த்துக்கொண்டு வாய்மூடிவிடுகிறார். ஐந்தாண்டு ஒழுங்காக வண்டியோட்டியதற்குக் கிடைத்த பரிசை, அவரைக் கண்டிராத ஒருவரின் அலட்சியம் பறித்துவிடுகிறது. மோதியவரின் காப்புறுதியோ பிறர் உடைமைக்கு நேரும் சேதத்தையும் ஏற்பதற்கென்றே எடுக்கப்பட்டது. அதைக் கேட்டுப் பெறுவதற்கு மோதியவர் யாரென்று தெரிய வேண்டும். தெரிந்தாலும் ஒரு கீறலுக்காக மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் படியேறுவார் அரியர்.

மகிழுந்து வைத்திருப்பவர் வசதியுள்ளவர்தாமே, போகட்டும் என்ற எண்ணம் சிலர் உள்ளத்தில் இருக்கிறது. இதனை வெளிப்படையாக எடுத்துப் பேச வேண்டும். தெருவில் நிற்கும் ஊர்திகளில் பல, கடன் வாங்கி வாடகைக்கு ஓட்டுவோருடையவை. மஞ்சள் பலகை மாட்டிய அவ்வூர்தி இரண்டு நாள் பட்டறையில் நின்றால் இரண்டு நாள் வருமானம் இல்லை. மாதத் தவணை மட்டும் தவறாமல் வரும். சாதாரணக் காப்புறுதி இழந்த வருமானத்தைத் தருவதில்லை. சொந்த ஊர்தி உள்ள இல்லங்களிலும் சேதத்தின் சுமை எப்போதும் உரிமையாளர்மேல் விழுவதில்லை. யார் செய்தது என்று தெரியாதபோது முதலில் நிற்க வைத்துக் கேட்கப்படுபவர் சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநர். "நீதான் எங்கேயோ இடித்துவிட்டு மறைக்கிறாய்" என்ற சொல்லுக்கு அவரிடம் மறுமொழி இல்லை. இல்லாத ஒன்றை எவ்வாறு மெய்ப்பிப்பது? அடுத்து அழைக்கப்படுபவர் இரவுக் காவலாளி. பழுதுபார்த்த செலவு அவர்கள் சம்பளத்தில் கழிக்கப்படுவதும் உண்டு, வேலையே போவதும் உண்டு. ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகாதவர், தாம் ஒருபோதும் பார்த்திராத ஓர் ஏழையின்மீது பழியை ஏற்றிவிட்டுப் போகிறார். கீறலைவிட இதுவே பெரிய கேடு.

சட்டம் இவ்விடத்தில் என்ன செய்கிறது? 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பிறர் உடைமைக்கு ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் அழிவு விளைவிப்பதை 427-ஆம் பிரிவில் குற்றமாக்கியது. ஐம்பது ரூபாய் என்பது அன்று பெருந்தொகை. அத்தொகை நூற்றாண்டு கடந்தும் அப்படியே நின்றது ஒரு வேடிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவு, 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குக் குறைவான சேதத்துக்கு இரண்டாண்டு வரை, ஒரு லட்சமும் அதற்கு மேலும் ஆனால் ஐந்தாண்டு வரை என்று வகுத்திருக்கிறது. பழைய சட்டமாயினும் புதிய சட்டமாயினும், சேதம் விளைவிக்கும் எண்ணமோ, விளையக்கூடும் என்ற அறிவோ இருக்க வேண்டும் என்கிறது. சாவியை எடுத்து வேண்டுமென்றே கோடு கிழிப்பவனை அது பிடிக்கும். கைப்பிடி உரசியவரையும் கதவைக் கவனமின்றித் திறந்தவரையும் பிடிக்காது. இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வள்ளுவரும் மனமறிந்து செய்யும் தீங்கைத் தனியே எடுத்துச் சொல்கிறார். இந்த வேறுபாடு நியாயமானதே. தவறுதலாக உரசியவரைக் குற்றவாளி என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உரசியது தெரிந்த நொடியில் இன்னொரு செயல் தொடங்குகிறது. அது தவறுதல் அன்று. போவதா, நிற்பதா என்பது அறிந்து செய்யும் முடிவு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதனை மறக்கவில்லை. விபத்தில் பிறர் உடைமை சேதமுற்றால், காவலர் அங்கு இல்லாதபோது, ஓட்டுநர் கூடிய விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 134-ஆம் பிரிவு கூறுகிறது. மகிழுந்துக் கீறலுக்காக இப்பிரிவின்படி தாமே போய்ச் சொன்னவர்களை நிலைய எழுத்தர்கள் எத்தனை பேரைக் கண்டிருப்பார்களோ! கலிபோர்னியா மாநிலச் சட்டம், உரிமையாளரைக் காண முடியாவிட்டால் பெயரும் முகவரியும் நடந்ததும் எழுதிய தாளைக் கண்ணில் படும்படி ஊர்தியில் வைத்துவிட்டுக் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. ஜெர்மானியர் இன்னும் கடுமையானவர்கள். அவர்களுடைய தண்டனைச் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்படி தாள் வைத்துவிட்டுப் போவது போதாது. தக்க நேரம் காத்திருக்க வேண்டும். நின்ற ஊர்தியைச் சிறிதளவு சேதப்படுத்திவிட்டுப் போனவர் 24 மணி நேரத்துக்குள் தாமாகவே வந்து சொன்னால் தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ அதே பிரிவு இடம் தருகிறது. மனிதருக்கு முதலில் அச்சமும் பிறகு தெளிவும் வரும் என்பதை உணர்ந்து எழுதிய சட்டம் அது.

இனி, பழந்தமிழ் இந்நிலையை அறிந்திருந்தது என்று தொடக்கத்தில் குறித்ததற்கு வரலாம். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பாண்டியரின் நீதியை எடுத்துரைக்கும்போது கீரந்தை என்னும் அந்தணன் வீட்டுக் கதவைத் தட்டிய மன்னனின் கதையைச் சுட்டுகிறது. பொற்கைப் பாண்டியன் கதை என்று வழிவழியாக வழங்கும் வடிவம் அனைவரும் அறிந்ததே. வெளியூர் சென்ற கணவன், அரசனின் காவலே வேலி என்று மனைவியிடம் சொல்லிப் போகிறான். அச்சொல்லைக் கேட்ட மன்னன் இரவுதோறும் அவ்வீட்டைக் காக்கிறான். ஓர் இரவில் உள்ளே ஆடவர் குரல் கேட்கிறது. ஐயுற்றுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருந்தவன் திரும்பிவந்த கணவன். தட்டியது யாரென்று அவன் மனைவியை ஐயுறக் கூடாதே என்று, மன்னன் தெருவில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டு இருளில் மறைகிறான். மறுநாள் தெருவார் அவைக்கு வந்து முறையிடுகின்றனர். யார் செய்தது என்று தெரியவில்லை, அதே கேள்வி. தட்டியவனுக்கு என்ன தண்டனை என்று அமைச்சரைக் கேட்கிறான் அரசன். கையை வெட்ட வேண்டும் என்கின்றனர். அவன் தன் கையை நீட்டி வெட்டிக்கொள்கிறான்.

இக்கதையை நீதி தவறாத அரசனின் புகழாக மட்டும் படிப்பது வழக்கம். தெருவின் பக்கமிருந்து படித்துப் பார்க்கலாம். இரவில் நடந்தது, கண்டவர் இல்லை. விளைந்த சேதமோ பெரிதன்று. சில கதவுகள் தட்டப்பட்டன, சிலர் உறக்கம் கெட்டனர். தட்டியவனிடம் நல்ல காரணமும் இருந்தது. முறையீட்டைக் கேட்பவனும் அவனே. தேடச் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் வேறொருவன், பெரும்பாலும் ஓர் இரவுக் காவலன், அகப்பட்டிருப்பான். முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறும் இம்மன்னனை எடுத்துக்காட்டுகிறது. பிறர் அறியார் என்பதைப் பொருட்படுத்தாமல் தன் செயலுக்குத் தானே சான்றாக நின்றவன் என்பது அங்குள்ள கருத்து. கையை வெட்டிக்கொள்ளும்படி இன்று எவரும் எவரையும் கேட்கவில்லை. ஒரு தாளும் தொலைபேசி எண்ணும் போதும்.

இன்றைய சான்று கண்காணிப்புக் கேமரா. அதன் வருகையால் சில கீறல்களுக்கு விடை கிடைக்கிறது. கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இருப்பதில்லை. படத்தில் தெரிவது அயலூரான் அல்லன்; மேல்மாடியில் வாழ்பவரின் மகனாகவோ, நாள்தோறும் வணக்கம் சொல்லிச் செல்லும் எதிர்வீட்டுக்காரராகவோ இருக்கிறார். அவர் இறங்கிப் பார்க்கிறார், விரலால் தடவிப் பார்க்கிறார், சுற்றும் முற்றும் நோக்குகிறார், போகிறார். அந்தத் தடவிப் பார்த்தலை ஒருமுறை கண்டவர் பிறகு அவரோடு பழையபடி பழகுவது கடினம். அதே மனிதர் அன்று மாலையே வந்து, "நம்ம வண்டி பட்டுடுச்சு, என்ன செலவுன்னு சொல்லுங்க" என்றிருந்தால், பாதிச் செலவோடு, பல இடங்களில் ஒரு குவளைக் காபியோடு, அது முடிந்திருக்கும். கீறலின் நீளம் இரண்டிலும் ஒன்றே.

இவ்வளவும் சொன்னபின் மகிழுந்து உடையாரைக் கேட்காமல் விடுவது நடுவுநிலைமை ஆகாது. நடைபாதையின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட ஊர்தியைச் சுற்றிக்கொண்டு, கைத்தடி ஊன்றிய மூதாட்டி பேருந்து ஓடும் சாலையில் இறங்கி நடக்கிறார். அவருக்கு நேரும் ஊறு கீறலோடு நிற்காது. பிறர் வீட்டு வாயிலை அடைத்து நிறுத்திவிட்டு எண்ணும் வைக்காமல் திரைப்படம் பார்க்கப் போகிறவர், திரும்பி வந்து கோட்டைக் கண்டு கொதிக்கிறார். கோடு கிழித்தவன் செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. சினத்தைச் சாவியால் எழுதுவது கோழையின் செயல். எனினும் அடைத்து நின்றவரும் முன்னரே ஒருவருக்குத் தீங்கு செய்திருக்கிறார். அவர் தீங்கு வண்ணத்தில் தெரியவில்லை, அவ்வளவே. தெரு தமக்கே உரிய கொட்டகை என்று கருதுவோர், அதில் நடப்போரின் பொறுமையைக் குறைவின்றி எதிர்பார்ப்பது விந்தை. தியாகராய நகரின் பாண்டி பசாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தியபோது, ஊர்தியை எங்கே நிறுத்துவது என்று எழுந்த குரல் கொஞ்சமன்று. நடப்பவர் எங்கே நடப்பது என்று அதுவரை எழுந்த குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

மக்கள் ஏன் நின்று சொல்வதில்லை என்பதற்குப் பணம் மட்டும் காரணமன்று. நின்றால் என்ன நடக்கும் என்பதைப் பலரும் பார்த்திருக்கின்றனர். உரசிவிட்டு இறங்கி மன்னிப்புக் கேட்ட இளைஞனின் ஈருருளிச் சாவியைப் பிடுங்குகின்றனர், கூட்டம் கூடுகிறது, சட்டையைப் பற்றுகின்றனர், ஆயிரம் ரூபாய்ப் பழுதுக்குப் பத்தாயிரம் கேட்கின்றனர். அடுத்த முறை அவன் நிற்பானா? அதைப் பார்த்துக்கொண்டிருந்த நால்வர் நிற்பார்களா? உண்மை சொன்னவனை அடித்துவிட்டு, ஓடியவனைக் குறை கூறுவதில் பயனில்லை. சொல்ல வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவருக்கு அடிபட்டதா என்பது. அடுத்து, பட்டறைக்காரரின் மதிப்பீடு வரட்டும் என்று சொல்லலாம். மதிப்பீட்டுத் தாளை அவர் கையிலும் ஒன்று கொடுக்க வேண்டும். பத்தாண்டுப் பழைய ஊர்திக்குப் புதுப் பம்பர் கேட்பதும், முன்பே இருந்த மூன்று ஒடுக்குகளை நான்காவதோடு சேர்த்து எடுக்கச் சொல்வதும் வேறு பெயர் கொண்ட செயல்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயிலில் வருவோர் பெயரை எழுத ஒரு பதிவேடு இருக்கிறது. பால்காரர் முதல் மின்பணியாளர் வரை அதில் கையெழுத்திடுகின்றனர். அதன் கடைசிப் பக்கங்களைச் சேதக் குறிப்புக்கென ஒதுக்கலாம்: தேதி, நேரம், எந்த ஊர்தி, எங்கே பட்டது, பட்டவரின் பெயர், எண். ஊர்தியின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் வைத்த தாள் மழையில் கரையலாம், காற்றில் பறக்கலாம். பதிவேடு காவலாளியின் மேசையில் இருக்கும். உடையவர் வெளியூர் போயிருந்தாலும் திரும்பியதும் படித்துக்கொள்வார். எழுதியவர் மேல்மாடிக்காரராக இருந்தால் நேரிலேயே வருவார். இரவுக் காவலாளியை அழைத்து நிற்க வைத்து, யார் செய்தது என்று கேட்கும் வேலை இராது.